சொல்லும் மெட்டும் ஒரே வாயில்

ராப் எழுதுபவருக்கு மெட்டு யாரும் தருவதில்லை. தமிழ்த் திரைப்பாட்டில் இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார், அல்லது டம்மி வரி வைத்துப் பதிந்து அனுப்புவார். பாடலாசிரியர் அந்த அளவுக்குச் சொல் போடுவார். ராப்பில் முன்னால் இருப்பது பீட் மட்டும்தான். நான்கு தட்டுக்கு ஒரு பார், பெரும்பாலும் பதினாறு பாருக்கு ஒரு பத்தி. அதில் எங்கே ஏறுவது, எங்கே இழுப்பது, எந்த எழுத்தில் அடிப்பது என்பதெல்லாம் பாடுபவர் எடுக்கும் முடிவு. இதற்கு ‘ஃப்ளோ’ என்று பெயர். சொல்லையும் ஃப்ளோவையும் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்க முடியாது. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு மேலே வந்த கதைக்கும், வந்தபின் எழுந்த தகராறுக்கும் அடிப்படை இதுதான்.

சென்னையில் இந்த வேலை நடப்பது பெரும்பாலும் ஒரு படுக்கையறையில். லேப்டாப், சவுண்ட் கார்டு, கண்டென்சர் மைக், ‘ப’ சொல்லும்போது காற்று மோதாமல் தடுக்க மைக்கின் முன்னால் ஒரு வலை, எதிரொலியை அடக்கச் சுவரோரம் மெத்தை அல்லது போர்வை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் டேக் எடுக்க வேண்டும். மே மாதத்தில் நாலு டேக்குக்குள் சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும். வரிகள் இருப்பது போனில். எழுதுவதைவிட முணுமுணுப்பதே அதிகம். பீட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாக்கு தடுக்காத வரைக்கும் வரியை உடைத்து உடைத்துச் சேர்ப்பார்கள். மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்தி அடுத்த வரியைத் தனியாகப் பதிந்து ஒட்டுவது ‘பஞ்ச்-இன்’. அதை மட்டுமே நம்பிப் பழகியவர்கள் மேடையில் திணறுவார்கள். மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் பிறகு வருபவை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அவை திரையில் ஓடும் அலைகளும் எண்களும்தான்.

தமிழ் இந்தத் தொழிலுக்கு வாகான மொழி. ஆங்கில ராப்பில் ஒலி ஒத்துவருவது பெரும்பாலும் வரியின் கடைசியில். நம் யாப்பில் அது இயைபு. தமிழில் அதோடு வரியின் தலையிலேயே எதுகையும் மோனையும் கிடைக்கின்றன. பட்டம், சட்டம், திட்டம் என்று அடுக்கினால் அந்த ‘ட்ட’ நேராக ஸ்நேர் டிரம்மின் மேல் போய் விழும். நெடில் வந்தால் தட்டைத் தாண்டி இழுக்கலாம். வல்லின ஒற்று வந்தால் அங்கேயே வெட்டலாம். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த யாப்பிலக்கணம் இந்தப் பையன்களின் காதில் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர்கள் தெரியாவிட்டாலும் வேலை நடக்கிறது.

தமிழுக்கு ராப் புதிதல்ல. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’பில் சுரேஷ் பீட்டர்ஸோடு தேனி குஞ்சரம்மாள் பாடினார், ராப்புக்கும் நாட்டுப்புறக் குரலுக்கும் உறவு அப்போதே தொடங்கிவிட்டது. மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா கூட்டணி 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டது. கோவையிலிருந்து வந்த ஹிப்ஹாப் தமிழா 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தந்தது. சாதியைப் பெயர் சொல்லிப் பேசும் ராப்புக்குப் பெரிய மேடை கிடைத்தது 2018 ஜனவரியில்தான். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அப்போது சென்னையில் முதல் கச்சேரி செய்தது. கானா பாடகர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், கிதார் எல்லாம் ஒரே மேடையில் ஏறின. அவர்களுக்கு நடுவே ராப் பாடியவர் அறிவு.

முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். பொறியியல் படித்தவர். 2019இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு ‘தெருக்குறள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புக் காலத்தில் அவருடைய ‘சண்ட செய்வோம்’ போராட்டக் களங்களில் ஒலித்தது. ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ மூலம் விஜய் ரசிகர்களிடமும் போய்ச் சேர்ந்தார்.

அறிவின் தொழிலுக்கு அடியில் இருப்பது அவர் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து தமிழகம் திரும்பியவர் அவர். மலைச்சரிவில் கொழுந்து பறித்து, லயத்தில் குடியிருந்து, மூன்று தலைமுறை உழைத்த மக்களைச் சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அந்தத் தோட்டங்களில் ஆள் சேர்த்தவன் கங்காணி. தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவர்மீதுள்ள கடனை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கங்காணி ஒழிய மேலும் பல காலம் ஆனது.

பாட்டி சொன்ன கதைகளும் ஒப்பாரியும்தான் ‘என்ஜாய் என்ஜாமி’ பாட்டின் மூலப்பொருள். ஒப்பாரி பாடும் பெண்ணுக்கும் மெட்டு யாரும் தருவதில்லை. இறந்தவரை உறவுமுறை சொல்லி விளித்து, தன் சொந்தக் குறையையும் அதில் ஏற்றி, அழுகை எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கு வரியை நீட்டுவார். ராப்புக்கு அமெரிக்கத் தெருக்களில் இருக்கும் வேருக்குக் குறையாத வேர் இந்த முற்றத்திலும் இருக்கிறது.

பாட்டு 2021 மார்ச் 7 அன்று வெளியானது. பாடகி தீயும் அறிவும் பாட, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, வெளியிட்டது மாஜா என்ற நிறுவனம். யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லாதது சர்ச்சையானது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. பாட்டை ஆக்கியதும் எழுதியதும் பாடியதும் தானே என்று அவர் பகிரங்கமாக எழுதினார். இசையமைத்ததும் தயாரித்ததும் தான் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024இல் அவரே, பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்றார். நிறுவனம் தன் தரப்பை வேறு விதமாகச் சொன்னது.

இதில் யார் சொல்வது சரி என்பதைவிட, கேள்வியைக் கேட்கும் கட்டமே சரியில்லை என்பது முக்கியம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் சொல் நீங்கிய இசை. சொல் தனியே இலக்கியப் படைப்பு. ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் அதைத் தயாரித்தவர். ராப் பாடுபவரின் ஃப்ளோ இசையா, சொல்லா? பீட் போட்டவரை இசையமைப்பாளர் கட்டத்தில் எழுதிவிட்டால் ஃப்ளோவைப் படைத்தவர் வெறும் பாடலாசிரியர் ஆகிவிடுகிறார். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பதிப்புரிமை வாங்கியவரோடு ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக்கொடுத்தாலும் இழக்க முடியாது என்று ஆக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தக் கட்டத்தில் யார் பெயர் ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வேலை செய்யும். அந்தப் பெயரை ஏற்றுபவர் பெரும்பாலும் பாட்டை வெளியிடுபவர்.

காசு வரும் பாதையும் அப்படித்தான். கேட்பவரின் சந்தா முதலில் தளத்துக்கு, பிறகு விநியோகிப்பவருக்கு, பிறகு லேபிளுக்கு. படப்பிடிப்புச் செலவு, விளம்பரச் செலவு, முன்பணம் எல்லாம் கழித்தபின் மிச்சம் இருந்தால் கலைஞருக்கு. கழித்த கணக்கைப் பார்க்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் அதற்கான வரி இருக்க வேண்டும். முதல் ஒப்பந்தம் போடும் இருபத்திரண்டு வயதுப் பையன் அந்த வரியைத் தேட மாட்டான். முன்பணம் வாங்கியவர் அது அடையும்வரை வேறு நிறுவனத்துக்குப் போக முடியாத ஒப்பந்தங்கள் இசைத் தொழிலில் உலகெங்கும் உண்டு. துண்டுச் சீட்டு ஆங்கிலத்தில் அச்சாகி வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறிவு நின்றுவிடவில்லை. 2023இல் கோக் ஸ்டூடியோ தமிழில் கதீஜா ரஹ்மானோடு ‘சகவாசி’ பாடினார். ‘அம்பசா’ என்ற பெயரில் சொந்தமாக இசைக்குழு அமைத்துக்கொண்டார். 2024இல் தன் தனித்தொகுப்பை வெளியிட்டபோது அதற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார்.