முட்டை தின்றது யார்?

ஏப்ரல் 6, ஆனைமலை

மூங்கில் சருகில் நடக்கும்போது காலடியிலிருந்தே ஒரு பெட்டைக் காட்டுக்கோழி படபடத்துக் கிளம்பியது. புதரடியில் மண்ணைச் சீய்த்து, காய்ந்த இலை பரப்பிய பள்ளம். மங்கிய சந்தன நிறத்தில் ஐந்து முட்டை. குனியப் போனேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தோளைத் தொட்டார். "பாக்காத மாதிரி நேரா நடங்க சார். நின்னா நம்ம வாசமும் நின்னுரும்."

சேவல் அடைகாக்காது. சுமார் மூன்று வாரம் பெட்டை தனியாகச் சமாளிக்க வேண்டும். சருகு நிறமும் அசையாமையும்தான் அதற்குக் காவல்.

ஏப்ரல் 14

தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். பள்ளம் காலி. ஓட்டுத் துண்டுகள் கொஞ்சம். கீரி என்றார் ஒருவர், உடும்பு என்றார் இன்னொருவர். காவலர் காட்டுப்பன்றியையும் சேர்த்துக்கொண்டார். பாம்பென்றால் ஓடு மிஞ்சாது என்பார்கள். ஆனால் கூட்டருகே கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஒரே விலங்கு ஒரு தடவை ஓட்டைச் சிதறவிடும், இன்னொரு தடவை தடயமே வைக்காது என்கிறார்கள். ஓட்டைப் பார்த்துத் துப்பறிவது வீண்வேலை.

ஏப்ரல் 15

இரவு, கூட்டு முட்டைகள் பறிபோவது பற்றிச் சூழலியலாளர் டேவிட் வில்கோவ் 1985இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவில் மேரிலாந்திலும் டென்னசியிலும் செயற்கைக் கூடுகளில் காடை முட்டை வைத்துப் பார்த்திருக்கிறார். பெருங்காட்டில் சேதம் மிகக் குறைவு. புறநகரை ஒட்டிய துண்டுக்காடுகளில் மிக அதிகம். காடை முட்டையைச் சுண்டெலியால் கடிக்க முடியாது, தாய் இல்லாத கூட்டைப் பாம்பும் அவ்வளவாகத் தேடி வராது. அதனால் இத்தகைய சோதனைகளின் எண்களை அப்படியே ஏற்கமாட்டேன். அவை காட்டும் திசையை ஏற்கிறேன்.

ஏப்ரல் 21

சாலையோரம் வண்டிகள் நிற்குமிடம். சிப்ஸ் பாக்கெட், தக்காளி சாதம், அதைச் சுற்றிக் குரங்கு, காக்கை, நாய். சோறு தீர்ந்ததும் இவை நுழைவது பக்கத்துப் புதருக்குள்தான். கீரியும் உடும்பும் காட்டின் பழைய கணக்கு. முட்டை பறிபோனால் கோழி மறுபடி இடும், அப்படித்தான் இத்தனை காலம் தழைத்திருக்கிறது. நாயும் காக்கையும் நாம் ஏற்றிய கூடுதல் கடன்.

கோடையில் மலைக்கு வருபவர்களே, மிச்சச் சோற்றைத் திரும்ப எடுத்துப் போங்கள். காலடியில் பறவை எழுந்தால் படமெடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள். வந்த வழியே திரும்பினால் உங்கள் தடம் கூட்டிலேயே முடியும். மோப்பம் பிடித்து வரும் பிராணிக்கு அது போதும்.