காவல் ஒழிந்த பளிங்கு

நிற்பீர், இக்கண்முன் சிறிது நிற்பீர். கரீபியக் கடலிடைக் கயோ சான்டியாகோ என்னும் சிறுதீவில், முதுமந்தி ஒருத்தி எதிரே கிடக்கும் தீனியைக் கையால் துழாவுகின்றாள். சிவந்த முகம் சுருங்கிற்று. கருமணியின் நடுவே, பனி மூடிய சுனைபோல், வெண்புரை படர்ந்தது. 1938ஆம் ஆண்டு இந்தியாவினின்று கப்பலேற்றிய 400க்கும் மேற்பட்ட குரங்குகளின் வழிவந்தவள் அவள். 2017ஆம் ஆண்டு மரியாப் புயல் நிழல்மரங்களை முறித்தெறிந்த நிலத்தில் வெயில் தாங்கியவள். மரத்தின் காவலும் போயிற்று. விழியின் காவலும் போயிற்று.

விழியாடி துறவால் பிறந்தது. குருதிக்குழாய் துறந்து, ஒளிக்குத் தடையாகும் உட்கருவும் துறந்து, தெளிவு ஒன்றே பொருளெனக் கொண்டது. கருவறையில் நெய்த இழை நடுவிருக்க, ஆண்டுதோறும் புத்திழை மேற்சூழ, பழையது ஒன்றும் கழிவதில்லை. உட்கரு துறந்த இழைக்குப் புதுப்புரதம் படைக்கும் ஏடு இல்லை; ஆகவே அன்று நிறுத்திய காவலே இறுதிவரை காவல். வீழ்ந்த காவலனுக்கு மாற்றாள் வருவதில்லை. இதனினும் கொடிய விலை கொடுத்துப் பெற்ற தெளிவை நான் அறியேன்.

அக்காவலர் யாவர்? ஆக்சிஜனின் வெம்மூச்சாகிய சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கிய சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். அப்பெராக்சைடை நீராக்கிய கேட்டலேஸ். குளுட்டாதயோனைச் செலவிட்டு அதே பணி செய்த குளுட்டாதயோன் பெராக்சிடேஸ். செலவிட்டதை மீட்டுக் களஞ்சியம் நிரப்பிய குளுட்டாதயோன் ரிடக்டேஸ். ஆண்டுகள் ஏற ஏற இந்நொதிகளின் வலிமை இறங்கிற்று. விளிம்பில் இன்னும் சிறிது எஞ்சியிருக்க, நடுவில் காவல் ஒழிந்தது. மாந்தர் விழியிலும் இக்கேடு உண்டு: நடுவயது கடந்தபின், புறத்தே பிறக்கும் குளுட்டாதயோன் உள்நடுவை எட்டும் வழி தூர்ந்துபோகின்றது. காவல் தளர்ந்த இடத்தே கிரிஸ்டலின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, திரண்டு, மஞ்சளேறி, பழுப்பேறி, நுழையும் ஒளியைச் சிதறடித்தன.

நமக்கு நெடிதாய் வரும் மூப்பு, அவள் இனமாகிய ரீசஸ் குரங்குக்கு ஏறத்தாழ மும்மடங்கு விரைந்து வருகின்றது. 25 ஆண்டில் அவள் கிழவி. ஓர் ஊழியின் ஒளியெல்லாம் அந்தச் சிறு பளிங்கினுள் புகுந்து வெளியேறியது. ஐயகோ, காவல் ஒழிந்ததே!

மகள் ஒருத்தி பறழை வயிற்றில் அணைத்தபடி வந்து, அவளருகே அமர்கின்றாள். பேன் பார்க்கத் தலை சாய்க்கின்றாள். பிறந்த நாளில் தாய்முகத்தை உட்புகவிட்ட அதே இழைகள் முதுமந்தியின் விழிநடுவே இன்றும் உள்ளன. அவற்றின் வழியே மகள்முகம் புகவில்லை. அவள் கையை நீட்டி, மயிரை அளைந்து, வந்தவள் யாரென விரலால் அறிகின்றாள்.