சன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

கிராமத்திற்குத் தொலைக்காட்சி முதலில் ஒரு பொருளாக வரவில்லை. ஓர் இடமாக வந்தது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய போதிலும், அதன் அலைகள் தொலைவிலுள்ள சிற்றூர்களை எட்டவில்லை. தென்கடலோரத்தில் வாழ்ந்த நாங்கள், 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத்தான் முதலில் கண்டோம். ஒருவர் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியபடி, "தெரியுதா?" என்பார். கீழிருந்து தெருவே பதில் சொல்லும்.

பின்னர் ஊராட்சியின் வானொலி அறைக்கு ஒரு பெட்டி வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால் கடைத்தெரு வெறிச்சோடும். 1987-இல் ஞாயிறுதோறும் வந்த 'இராமாயணம்' இந்தியில் பேசினாலும், மொழி தெரியாதவர்களும் கண்ணிமைக்காமல் பார்த்தனர்.

அந்நாள்களை எண்ணி, "ஊரே கூடிப் பார்த்த காலமல்லவா!" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் எந்த ஊர் கூடியது? அறையின் நடுவே வசதியுள்ளவர்கள் அமர்ந்தனர். பெண்களுக்கு அடுப்படி வேலை முடிந்த பின்னரே நேரம் கிடைத்தது. காலனித் தெருவினர் சன்னலுக்கு வெளியே நின்று, கம்பிகளின் இடைவெளியில் உலகைக் கண்டனர். மழை வந்தால் நனைந்தவர்களும் அவர்களே.

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கத் தொடங்கியது. அதை வீண்செலவு என்று எள்ளியவர்கள் பலர். அடுத்த சில ஆண்டுகளில் மின்வெட்டு வாட்டியபோது, "பெட்டி இருக்கிறது, கரண்டுதான் இல்லை" என்ற நகைப்பும் எழுந்தது. ஆயினும் சன்னலோரம் நின்றவர் தம் வீட்டுத் தரையில் காலை நீட்டி அமர்ந்து பார்த்தாரே, அந்த நிமிர்வுக்கு எவரால் விலை சொல்ல இயலும்?

இன்று ஒவ்வொருவர் கையிலும் தனித்தனித் திரை. மாதந்தோறும் கேபிளுக்கும் அலைபேசிக்கும் கட்டணம் கட்ட இயலாத முதியவர்கள், ஒளியற்ற பெட்டியின் முன் தனித்திருக்கிறார்கள். சன்னல் மறைந்துவிட்டது, வெளியே நிற்பவர்கள் மறையவில்லை.

கூடிப் பார்க்கும் பழக்கம் மீள வேண்டுமென்று நாம் விரும்புவது நன்றே. ஆனால் பழைய அறையை அப்படியே மீட்டெடுப்பதில் பொருளில்லை. இம்முறை பாயை வாசல்வரை விரிப்போம். பக்கத்து வீட்டுப் பாட்டியை முதலில் அழைத்து நடுவில் அமர்த்துவோம்.