கயிறு விட்ட பிறகு

என்னிடம் தோட்டப் பள்ளியில் படித்த அண்ணன் தம்பி இருவர். அப்பா இறந்தபின் ஏதோ மனத்தாங்கல். ஆறு மாதமாகப் பேச்சில்லை. சென்ற மாதம் இருவரும் ஒரே திடலில் நின்றார்கள் என்றால், காரணம் ஒரு விளையாட்டு விமானம்!

தம்பியின் கிளைடருக்கு 4 மீட்டர் இறக்கை, மோட்டார் கிடையாது. அண்ணனின் மின்மோட்டார் விமானம்தான் அதை 30 மீட்டர் நைலான் கயிற்றில் இழுத்து ஏற்றவேண்டும். ஆளுக்கொரு ரேடியோ கருவி. "சார், இறக்கை நுனியைப் பிடிங்க," "சார், தயாரான்னு கேளுங்க" என்று இருவரும் என்னிடம்தான் பேசினார்கள்.

பெரிய இறக்கை; கிளைடர் முதலில் எழும்பிவிடும். இழுக்கும் விமானத்துக்கு மேலே அளவுமீறி ஏறினால், அதன் வாலைத் தூக்கி மூக்கைத் தரைக்குத் திருப்பிவிடும். உடனே யாராவது கொக்கியைக் கழற்றவேண்டும். முதல் முறை அப்படித்தான் ஆயிற்று.

"விடுடா!" என்று அண்ணன் கத்தினான். பெட்ரோல் எஞ்சின் இரைச்சல் இல்லாததால் காதில் விழுந்தது. தம்பி விட்டான். இரண்டும் தப்பின.

மறுமுறை, "மெதுவா ஏறுண்ணே," "இடப்பக்கம் திரும்புறேன்டா" என்று பேச்சு வளர்ந்தது. உயரத்தில் கயிறு விட்டது. அண்ணன் தன் விமானத்தை இறக்கினான். அவன் வேலை முடிந்தது, போயிருக்கலாம். போகவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தபடி, "செம்மண் சாலைப் பக்கம் விடு, அங்கே சூட்டுக் காத்து ஏறும்," என்றான்.