ஓடைப்பக்கத்துக் கொப்பு

சாம்பல் நிற அணிலைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறவன் நான். அதே அணில் வரும் வழியை என் தோப்பில் வெட்டச் சொன்னவனும் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்த அணிலுக்கு உலகில் வேறு இடம் கிடையாது. இதற்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகமும் ஆனது. அணில் தரையில் இறங்குவது அபூர்வம். பக்கத்துப் பக்கத்து மரங்களின் கொப்புகள் கோத்துக் கிடக்கும் இடமாகப் பார்த்து, சுள்ளியும் இலையும் வைத்துக் கூடு கட்டும். ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தாவிப் போய்விடலாம். ஓடைக்கரை மரங்களும் அவற்றை ஒட்டிய மாந்தோப்பும் அதற்கு ஒரே காடு. வருகிறவர்களிடம் இதையெல்லாம் விவரமாகச் சொல்லுவேன்.

ஒரு வருஷம் என் மாந்தோப்பில் காய் நன்றாகப் பிடித்திருந்தது. குத்தகைக்காரர் வந்தார். "அண்ணாச்சி, அணில் கடிச்சுப் போடுறது கொஞ்சநஞ்சமில்ல. ஓடைப்பக்கம் கோத்துக் கிடக்குற கொப்ப மட்டும் இறக்கிட்டா உள்ள வராது" என்றார். பணத்தைக் குறைத்துவிடுவாரோ என்று பயந்தேன். "கவாத்துதானே, பண்ணுங்க" என்றேன். மாமரத்துக்குக் கவாத்து அறுவடை முடிந்த பிறகுதான். காய் நிற்கும்போது எவரும் அரிவாள் வைக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கொப்போடு ஒரு கூடும் விழுந்தது. உள்ளே எதுவும் இல்லை. ஓர் அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் கட்டும் என்று படித்திருந்தேன். இது போனால் இன்னொன்று இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். படித்ததெல்லாம் அன்று எனக்குச் சாக்குச் சொல்லத்தான் உதவியது. இன்றும் எனக்கு ஆறாதது இதுதான்.

அதன் பிறகும் ஆட்களைக் கூட்டிப்போனேன். வாழிடத்தைக் காக்க வேண்டும் என்று பேசினேன். என் தோப்பு கண்ணில் படாத பாதையாகப் பார்த்து நடத்திப் போனேன். காட்டில் இருக்கும் அணிலைக் கொண்டாடினேன். என் மாம்பழத்தைக் கடித்த அணிலுக்கு ஒரு கொப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

இப்போது குத்தகை பேசும்போதே, ஓடைப்பக்கத்து மரங்களைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அதற்காகக் குறைகிற பணம் குறையட்டும். வெட்டிய இடத்தில் துளிர்த்திருக்கிறது. கொப்பு பழையபடி எதிர்மரத்தைத் தொட இன்னும் காலம் ஆகும்.

சரணாலயத்தின் எல்லை மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு இப்பால் இருக்கும் மரங்கள் நம் பொறுப்பு. ராஜபாளையம் முதல் வத்திராயிருப்பு வரை தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அரிவாள் வைக்கும் முன் மரத்தை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். ஓடையோரம் கோத்து நிற்கும் கொப்புகளை வெட்டாதீர்கள்.