எதிர்ப்பக்கத்துத் தாள்

பெங்களூரு சி.வி.ராமன் நகர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ரேடார், ஏவுகணை, விமான இறக்கை என்று ஆளுக்கொன்றில் ஆயுளைக் கழித்தவர்கள் காலை நடையில் எதிரே வந்துகொண்டே இருப்பார்கள். நான் ரேடார்க்காரன். சில வருஷங்களாக மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் மடிக்கணினியோடு என்னைத் தேடி வருகிறார்கள். கணினியில் ஆடும் கடல், வான் போர் விளையாட்டுக்குச் சினாரியோ எழுதுகிறவர்கள் இவர்கள். எந்தக் கடல், எந்தத் தேதி, யாரிடம் எத்தனை கப்பல், எத்தனை விமானம், யாருக்கு என்ன கட்டளை, எதைச் செய்தால் எத்தனை புள்ளி என்று களத்தை அமைத்து மற்றவர்களை ஆட வைப்பதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. திரையைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “எதிர்ப்பக்கத்துத் தாள் எங்கே?”

ஒரே ஒரு தாள் போதும். எதிரித் தளபதிக்கு இன்று காலை என்ன தெரியும்? எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறார்? யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? எதைக் கண்டு பயப்படுகிறார்? எந்த நிலை வந்தால் போதும் என்று வீடு திரும்புவார்? இதை அவர் கோணத்திலிருந்து, முடிந்தால் ‘நான்’ என்றே எழுத வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் கொண்டு வருவதில்லை. தங்கள் பக்கத்துக்கு மட்டும் யெலஹங்கா ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் கொடுக்கிற வழவழப்பான விளம்பரத் தாளிலுள்ள தூரத்தை எல்லாம் அப்படியே போட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் ‘நீர்மூழ்கி ஒன்று, இந்தக் கட்டத்துக்குள் சுற்றும்’ என்று ஒரு வரி இருக்கும். அது எதிரி இல்லை, மரக்கட்டை.

இந்த விளையாட்டுகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த லாரி பாண்ட் 1980-ல் ‘ஹார்ப்பூன்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். டாம் கிளான்சி தன் ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ நாவலின் கடற்போர்க் காட்சிகளைத் திட்டமிட அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். 2019-ல் வந்த ‘கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்’ அதே வம்சம். இதற்குள் இருக்கும் எடிட்டரை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு போரையே கட்டியெழுப்பலாம். அந்த வசதியே ஆபத்தும்கூட. நம் பக்கம் ஜெயிக்கும்வரை எண்களைத் திருத்திக்கொண்டே போக யாரும் தடை சொல்லப்போவதில்லை.

கராச்சியைத் தாக்கிய ‘ஆபரேஷன் ட்ரைடன்ட்’டை எல்லோரும் எழுதுகிறார்கள். 1971 டிசம்பர் 4 இரவு நிபட், நிர்காட், வீர் என்ற மூன்று இந்திய ஏவுகணைப் படகுகள் போயின. கரையோரக் காவலுக்கென்று சோவியத் நாட்டில் கட்டிய சின்னப் படகுகள். இரவில் கடல்மேல் வந்து தாக்கும் திறன் பாகிஸ்தான் விமானங்களுக்கு இல்லை என்பதால் இருட்டைத் தேர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு இவ்வளவும் மனப்பாடம். நிர்காட்டின் ஏவுகணை பாய்ந்ததும் பி.என்.எஸ். கைபர் கப்பல் கரைக்கு என்ன செய்தி அனுப்பியது என்று கேட்டால் விழிப்பார்கள். எதிரி விமானம் தாக்கிவிட்டது என்று அனுப்பியது. படகிலிருந்து இப்படி ஒன்று பறந்து வரும் என்பது அந்தக் கப்பலில் இருந்தவர்கள் மனதில் இல்லவே இல்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பதற்றத்தில் பாகிஸ்தான் விமானம் தன் நாட்டு ஜுல்ஃபிகர் கப்பலையே இந்தியப் படகென்று நினைத்துச் சுட்டது. இது ஆயுதக் கணக்கில் வராது. தாளில்தான் வரும்.

இன்றைய கடலில் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. கப்பலின் ரேடார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏவுகணை அலைக்கு மேலே 5 மீட்டரில் வருகிறது என்று வையுங்கள். பூமி வளைந்திருப்பதால் அது ரேடாருக்குத் தெரியவே சுமார் 27 கிலோமீட்டருக்குள் வர வேண்டும். ஒலியைப் போல் இரு மடங்கு வேகமென்றால் மிஞ்சுவது 40 விநாடி. அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து யோசிக்கப்போவதில்லை. ரேடாரை ஓயாமல் எரியவிட்டு நம் இடத்தைக் காட்டிக்கொடுப்பதா, அணைத்துவிட்டுக் குருடாக நிற்பதா, அடையாளம் தெரியாத புள்ளியைச் சுடலாமா கூடாதா என்பதெல்லாம் முந்தின நாளே முடிவாகியிருக்கும். முடிவெடுத்த மனிதரின் மனதை எழுதாமல் ஏவுகணைகளை மட்டும் எண்ணிப் பயனில்லை.

இந்தத் தாளை நிஜப் போரில் எழுதிப் பிழைத்தவர் ஒருவர் நம் ஊர்க்காரர். நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், 1971-ல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதி. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் அவர் பொறுப்பில் இருந்தது. கொதிகலனில் விரிசல் விழுந்திருந்ததால் அதனால் முழு வேகம் எடுக்க முடியாது. அதைத் தேடி நவம்பர் 14-ம் தேதி கராச்சியிலிருந்து காஜி என்ற நீர்மூழ்கி புறப்பட்டது. அமெரிக்கர் இரண்டாம் உலகப் போரின்போது கட்டியது. பழசுதான், ஆனாலும் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவரை வரக்கூடிய நீர்மூழ்கி அன்று பாகிஸ்தானிடம் அது ஒன்றுதான்.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒரு மறைவிடத்துக்கு அனுப்பினார். எந்தத் தளபதியும் செய்திருப்பார். அடுத்துச் செய்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் வேஷம் போட வைத்து, பெரிய கப்பலிலிருந்து போவது போல் வயர்லெஸ் செய்திகளை ஏராளமாக அனுப்பச் சொன்னார். பெரிய படைக்கு வேண்டிய அளவு உணவுப் பொருள்களுக்கு விசாகப்பட்டினத்துக் கான்ட்ராக்டர்களிடம் ஆர்டர் கொடுத்தார். கடைத்தெருப் பேச்சு உளவாளி காதுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். இதற்கெல்லாம் மேல், விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பது போல் ஒரு சாதாரணத் தந்தியைச் சங்கேதம் இல்லாமல் போக விட்டார்.

அந்தத் தந்தியைப் பற்றி நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒட்டுக்கேட்கிறவன் அதிகாரிகளின் செய்தியைச் சந்தேகிப்பான், அது அவன் தொழில். அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று தவிக்கும் மகனை அவன் சந்தேகிக்க மாட்டான், ஏனென்றால் அவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். எதிரியை அரக்கனாகவோ முட்டாளாகவோ நினைத்த ஒருவருக்கு இந்த யோசனை தோன்றவே தோன்றாது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்கு அருகே காஜி தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்வெடிகளால்தான் என்கிறது நம் கடற்படை. தன் கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த வெடிப்பாலோ என்கிறது பாகிஸ்தான். ஒழுங்கான சினாரியோ இரண்டுக்கும் இடம் வைக்கும். விக்ராந்தின் விமானங்கள் டிசம்பர் 4-ம் தேதி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

எதிரியின் நிலையிலிருந்து பார்ப்பது என்றதும் சிலர் அதை இளகிய மனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிருஷ்ணன் காஜியின் தளபதிக்கு இரக்கம் காட்டவில்லை. அவரை மனிதராக மதித்தார், அவ்வளவுதான்.

குக்ரி என்ற நம் கப்பலின் கதையை எழுதப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. 1971 டிசம்பர் 9 இரவு டையூ கடலில் ஹேங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்க மறுத்து அதனோடு போனார். ஹேங்கோர் பிரெஞ்சுக்காரர் கட்டியது, அதன் சோனார் நம்முடையதைவிட நெடுந்தூரம் கேட்கும். ஒரு பையன் எழுதிக் கொண்டு வந்தான். குக்ரி பிழைக்கும்படி அதன் சோனார் தூரத்தை நைசாகக் கூட்டியிருந்தான். “ஏம்ப்பா?” என்றேன். “மனசு கேக்கல அங்கிள்” என்றான். நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சினாரியோவை ஆடுகிறவன் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

மனசு கேட்காதவர்கள் பெரிய பதவியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியர் ஒரு சாட்சி விட்டுப் போயிருக்கிறார்கள். மிட்வே தீவைத் தாக்கப் போகும் முன், 1942 மே மாதம் யமாட்டோ போர்க்கப்பலில் வரைபடத்தை விரித்து ஒத்திகை ஆடினார்கள். நடுவர் பகடையை உருட்டினார். அமெரிக்க விமானங்களின் ஒன்பது குண்டுகள் பட்டு அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிகளும் மூழ்கின. ஒத்திகைக்குத் தலைமை வகித்த அட்மிரல் உகாகி, ஒன்பதை மூன்றாகக் குறைக்கச் சொன்னார். அகாகி பிழைத்தது. அடுத்த கட்ட ஒத்திகையில் காகாவும் எழுந்து வந்து மிதந்தது. ஜூன் 4, 5 தேதிகளில் நிஜமாகவே மூழ்கியவை நான்கு: அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு. ஒத்திகையில் பிழைக்க வைத்ததால்தான் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன், போர் அவ்வளவு எளிதல்ல. ஆனால் எச்சரிக்கை மேஜைமேல் கிடந்தது, அதை ஜெயிக்க ஆசைப்பட்டவரே நடுவரையும் தாண்டி அழித்தார். அறுபது வருஷம் கழித்து அமெரிக்கர்களும் இதையே செய்தார்கள். 2002-ல் நடந்த ‘மில்லெனியம் சேலஞ்ச்’ ஒத்திகையில் எதிரி வேடம் போட்ட ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பித் தகவல் சொல்லி, 16 கப்பல்களை மூழ்கடித்தார். கப்பல்களை மறுபடி மிதக்கவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1942-ல் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி, கடற்படைப் பெண்கள் பிரிவின் இளம்பெண்களைக் கொண்டு ஒரு போர் விளையாட்டுக் கூடம் நடத்தினார். தரையில் கட்டம் போட்டுச் சின்னக் கப்பல்களை நகர்த்தினார்கள். சரக்குக் கப்பல் வரிசைக்குக் காவல் போகும் கப்பலின் தளபதியாக ஆடுகிறவர் திரைக்குப் பின்னால் நின்று ஒரு பிளவு வழியாக மட்டுமே பார்க்கலாம், கடலில் நிஜமாக என்ன தெரியுமோ அவ்வளவு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் வெளியே தூரத்திலிருந்து சுடுகின்றன என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். ராபர்ட்ஸ் நீர்மூழ்கித் தளபதியின் நிலையில் தன்னை வைத்துப் பார்த்து, அவர்கள் இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து பின்பக்கமாகக் கப்பல் வரிசைக்குள்ளேயே புகுந்து சுடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். காவல் கப்பல்கள் தேடும் முறையே மாறியது.

பெங்களூரில் குடியிருக்கும் தமிழனுக்கு இந்தத் தாளை எழுத மழை பொய்த்துக் காவிரித் தகராறு கிளம்பும் ஒவ்வொரு வருஷமும் பயிற்சி கிடைக்கிறது. கே.ஆர்.எஸ். அணையின் முழு மட்டம் 124.80 அடி, மேட்டூருக்கு 120 அடி. இரண்டு எண்ணும் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். காலையில் கன்னடப் பத்திரிகை, பிறகு தமிழ்ப் பத்திரிகை. ஒன்றில் மண்டியா விவசாயி கருகும் கரும்போடு நிற்பார், இன்னொன்றில் தஞ்சாவூர் விவசாயி வெடித்த வயலில் நிற்பார். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் இங்கே எரிந்தபோது இரண்டு பத்திரிகைகளையும் படிக்கிறவர்கள் வாயடைத்து நின்றோம். எந்தப் பக்கம் நியாயம் என்பதை ஒரு முதியவர் தீர்க்க முடியாது. மண்டியாக்காரரின் தாளை எழுதத் தெரியாத தமிழரும், தஞ்சைக்காரரின் தாளை எழுதத் தெரியாத கன்னடியரும் பேசிப் பயனில்லை என்பது மட்டும் எனக்கு உறுதி.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். சொந்தத்தில் சொத்துப் பிரிவினை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அண்ணனைத் தனியாக உட்கார வைத்து, தங்கை சார்பில் எழுதச் சொல்வேன். தங்கைக்கும் அதே. பாதிப் பேர் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். மீதிப் பேர் வக்கீலிடம் போவதில்லை.

பொய்ரா வான்சண்டையைச் சொல்லி முடிக்கிறேன், சின்னச் சினாரியோவுக்கு அதைவிட நல்லது கிடையாது. 1971 நவம்பர் 22. இதே பெங்களூரில் ஹெச்.ஏ.எல். உரிமம் பெற்றுக் கட்டிய நாட் விமானங்கள் நான்கு, டம்டம் விமானத் தளத்திலிருந்து கிளம்பின. காலையில் இருமுறை கிளம்பியும் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முறை பிடித்தார்கள். சண்டை சில நிமிஷங்கள்தான். வந்த சேபர்கள் நான்கு என்கிறோம் நாம், மூன்று என்கிறார்கள் அவர்கள். பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படையின் தலைவரானார். அன்று நாட் ஓட்டியவர்களில் ஒருவரான டொனால்ட் லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது.

சினாரியோ எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகள் பொய்ராவிலிருந்து தொடங்குங்கள். நாட் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு முறை யாரும் தடுக்காமல் வந்து போன சேபர் விமானி, மூன்றாவது முறை கிளம்பும்போது என்ன நினைத்திருப்பார் என்று முதலில் எழுதுங்கள். எழுதி முடித்ததை நண்பரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். தீர்ப்பை மட்டும் ஜெயிக்க ஆசையில்லாத மூன்றாவது ஆளிடம் விட்டுவிடுங்கள்.