தீப்பெட்டிக்குள் பொன்வண்டு

உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிற தீப்பெட்டியை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு அது நெருப்பு. எங்கள் விருதுநகர் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அது வீடு. யாருக்கு வீடு? பொன்வண்டுக்கு!

மழைக்காலத்தில் கொடுக்காப்புளி மரத்தில் பிடித்த பொன்வண்டை, நாலு இலையோடு பெட்டிக்குள் வைத்து, மூச்சு விட ஓட்டை குத்தி, பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோவோம். யார் வண்டு முட்டை போட்டதோ, அவன்தான் அன்றைக்கு ராஜா. வாத்தியார் கண்ணில் பட்டால் போச்சு. பெட்டி ஜன்னல் வழியாகப் பறக்கும். பையன் பெஞ்ச் மேல் நிற்பான். அப்புறம் அதே வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார்: 'பூச்சிக்கு ஆறு கால்!'

அந்தப் பெட்டிகளை ஒட்டியதிலும் பிள்ளைகளின் விரல்கள் உண்டு என்பது கசப்பான பாதி. சிவகாசி, சாத்தூர் கிராமங்களில் ஒரு காலத்தில் விடியுமுன்னே வண்டி வந்து பிள்ளைகளை வேலைக்கு அள்ளிக்கொண்டு போகும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள்.

வந்த பிள்ளையை வகுப்பில் தங்க வைப்பது எப்படி? அது சட்டத்தின் கையில் இல்லை. டீச்சர் கையில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், மழைக்கு மறுநாள் ஈரத்துணியில் ஒரு மண்புழுவை எடுத்து வைத்தார்.

"டீச்சர், இதுக்குக் கண்ணு எங்க?"

"நீயே தேடு."

தேடினார்கள். கிடைக்கவில்லை. கண்ணும் கிடையாது, காதும் கிடையாது, நுரையீரலும் கிடையாது. ஈரத் தோல் வழியாகத்தான் சுவாசம். "அப்ப வெயில்ல போட்டா செத்துப்போயிரும்ல?" என்றாளாம் ஒரு குட்டிப்பெண். ஈரத்துணி எதற்கு என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது!

சார்லஸ் டார்வினும் வீட்டில் இப்படித்தான் விளையாடினார். விசில் ஊதியும் பியானோ வாசித்தும் மண்புழு அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துக் கட்டையைத் தட்டியதும், சரேலென்று வளைக்குள் ஓடிவிட்டது. சத்தம் கேட்கவில்லை, அதிர்வு தெரிந்தது. 1881-ல் மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் மனிதர்.

இதை டீச்சர் சொன்னதும் ஒரு பையன் எழுந்தானாம். "பயராபீஸ் வெடிச்சா எங்களுக்கும் அப்படித்தான் டீச்சர். மொதல்ல தரைதான் சொல்லும்." அவன் அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறவர். 2012-ல், ஆசிரியர் தினத்தன்றே, முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. மனசுக்குள் பூட்டி வைத்திருந்த பயத்தை அவன் வெளியே சொல்ல, ஒரு புழு தேவைப்பட்டிருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் பிள்ளை பூச்சியோடு வந்தால், "சீ, கீழே போடு" என்று கத்தாதீர்கள். தேள், பூரான், கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். மற்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். எத்தனை கால் என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். சாயங்காலம் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

எண்ணும்போது அவன் வேறு ஏதாவது பேச ஆரம்பிப்பான். குறுக்கே பேசாதீர்கள். கேளுங்கள்.